அடுத்த வசனத்தையும் வாசி, பாப்பா

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பெரியவன், சின்னவள் எல்லோரும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கோம்" என்கிறாய். அதற்குள் குக்கர் விசில் அடிக்கிறது, இல்லாவிட்டால் சின்னவள் அழுகிறாள், வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாதே.

இங்கே தக்காளி இந்தத் தடவையும் கைகொடுக்கவில்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் கேட்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது. ராகி பரவாயில்லை, ஒரு மூட்டையை உனக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்திருக்குமே, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டதா? பெரியவனுக்குப் போன வருஷத்து ஷூவே போதும் என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். அவன் கால் வளர்கிற கால் இல்லையா?

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது உன் கையில் பாட்டியின் வளையல் இல்லை. அம்மா கேட்டதற்கு லாக்கரில் இருக்கிறது என்றாய். சரி. ரயிலில் வரும்போது நகை போடாமல் வருவது நல்லதுதான். நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. தினமும் உன்னிடமிருந்து ஒரு வசனம் வருகிறது. முன்பெல்லாம் நான் பால் கறந்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஆறு மணிக்கு வந்திருக்கும். இப்போது போனைத் திறந்தால் 2.50 என்று இருக்கிறது, 3.15 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் உனக்கு என்ன வேலை கண்ணு? ஜெபிக்க எழுந்திருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை.

ஸ்டேட்டஸிலும் அதே வசனம்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. புதுவருஷ ஆராதனையில் உனக்கு வாக்குத்தத்தமாகக் கிடைத்த வசனம். ஃப்ரிட்ஜ் கதவில் அந்த அட்டையை ஒட்டியிருப்பதை வீடியோவில் பார்த்தேன். நல்ல வசனம். அதற்கு அடுத்த வசனத்தையும் வாசித்தாயா?

பவுல் அந்த நிருபத்தைச் சிறையில் கட்டுண்டு கிடந்தபோது எழுதினார். நீ சண்டே ஸ்கூல் டீச்சர், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்று எழுதின கையோடு, பதினான்காம் வசனத்தில், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்கிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அவர்கள் ஒன்றிரண்டு தரம் அனுப்பியிருக்கிறார்கள், அதையும் மறக்காமல் சொல்கிறார். வாங்கினதற்கு அவர் கூச்சப்படவில்லை. அதைத் தேவனுக்குப் பிரியமான சுகந்த வாசனையுள்ள பலி என்கிறார். அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் அச்சடித்துவிட்டதால், நாமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று அர்த்தமாகிவிட்டது. முந்தின வசனத்தில் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறாரே, பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறாரே, அதை வெளியே சொன்னார் பார். பட்டினியை மறைக்கவில்லை.

மாப்பிள்ளை உழைப்பாளி. பவர் டேபிளில் தையல்காரராக உட்கார்ந்தவர், சொந்தமாக யூனிட் போடுகிற அளவுக்கு வந்தார் என்று நான் இங்கே சபையில் சொல்லாத ஆள் இல்லை. ஆர்டர் வருவதும் நிற்பதும் தொழிலில் உள்ளதுதான். அவருக்கு ஒருவரிடம் போய் நிற்கப் பிடிக்காது, அதுவும் மாமனாரிடம். அது எனக்குத் தெரியாதா? ஆனால் மோசேயைப் பார். யாத்திராகமம் பதினேழாம் அதிகாரத்தில் அவர் கை அசந்துபோகிறது. அமலேக்கோடு யுத்தம் நடக்கிறது, தேவனுடைய கோல் கையிலேயே இருக்கிறது, அப்படியும் கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை. அடுத்த அதிகாரத்தில் யார் வருகிறார்? மாமனார் எத்திரோ. காலை முதல் சாயங்காலம் வரை தனி ஆளாக மோசே நியாயம் தீர்ப்பதைப் பார்த்து, நீர் செய்கிறது நல்லதல்ல, தொய்ந்துபோவீர், உம் ஒருவரால் ஆகாது என்று நேருக்கு நேர் சொல்கிறார். சமுத்திரத்தைப் பிளந்த மனுஷன் மாமனார் சொல்லைக் கேட்டான். அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான் மாப்பிள்ளையிடம் எதுவும் சொல்லப்போவதில்லை, பயப்படாதே. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ சாப்பிடுகிறாயா? கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு போதும் கர்த்தாவே என்று எலியா சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிக் கொடுத்தான். அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் நாற்பது நாள் ஓரேப் மலை வரைக்கும் நடந்தார். அதனால் சாப்பிடு. தூங்கு. ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து அடுத்த மாசத்து வட்டியையெல்லாம் கூட்டிப் பார்க்காதே. வட்டி என்று ஏதோ கைதவறி எழுதிவிட்டேன். எழுதினது எழுதினதாக இருக்கட்டும். வனாந்தரத்தில் கர்த்தர் தினமும் தந்த மன்னா அப்பத்தை நாளைக்கு ஆகட்டும் என்று வைத்தவர்களுக்குப் புழுத்து நாறிப்போனது. கர்த்தர் தருகிற பெலனும் அன்றன்றைக்கு வருவதுதான். இன்றைக்குக் கிடைத்ததை வைத்து மூன்று மாசத்தைத் தாங்கப் பார்த்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

இதை உனக்கு நாங்கள் யாருமே சொன்னதில்லை. பாட்டியின் வளையல் அடகுக்கடைக்குப் போய் வந்த வளையல்தான். கிணறு வற்றின வருஷம், நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறேன். தாத்தா போய் வைத்துவிட்டு வந்து, அந்தப் பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தியும் தண்ணீர் காணாமல், திண்ணையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பாட்டி அடுத்த ஜெபக்கூட்டத்தில், ஜெபக்குறிப்பு கேட்கும்போது எழுந்து நின்று, வெறும் கையைக் காட்டி, "எங்க வீட்ல நாளைக்கு உலை வைக்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தாத்தாவுக்கு முகம் செத்துப்போனது. எனக்கும் அவமானமாக இருந்தது. அன்று ராத்திரியே உபதேசியார் வீட்டம்மா ஒரு கூடை ராகியை முந்தானையால் மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் நிறைய இருந்திருக்காது. பாட்டி ஸ்தோத்திரம் சொல்லி வாங்கி, அப்போதே திரிகையில் போட்டு அரைத்துக் களி கிண்டினாள். பெரிய கட்டியாக உருட்டி முதலில் தாத்தா வட்டிலில்தான் வைத்தாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். பாட்டி ஜெபிக்கிற மனுஷி என்று ஊரே சொல்லும், எனக்கு அவளுடைய ஜெபமென்றால் அந்த ராத்திரிதான். வளையலை மீட்க வருஷங்கள் ஆனது. மீட்டார்கள். உன் கல்யாணத்துக்குப் பாலிஷ் போடும்போதுகூட அந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று அம்மாதான் தடுத்தாள்.

அதனால் அது லாக்கரில் இருந்தாலும் சரி, வேறெங்கே இருந்தாலும் சரி.

எனக்கு ஒன்றுதான் பொறுக்கவில்லை. உன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆபரேஷன் என்றபோது ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள் நீ. அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்தாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அடுத்தவர் பாரத்தை ஓடிப்போய்ச் சுமக்கிறாய், உன் பாரத்தில் கை வைக்க அப்பனைக்கூட விடமாட்டேன் என்கிறாய். இது என்ன நியாயம் பாப்பா?

கிழக்குக்காட்டுப் பணம் போட்டது போட்டபடி இருக்கிறது. அண்ணனிடம் பேசிவிட்டேன், அவனும் சரி என்றுதான் சொன்னான், அண்ணியும் பக்கத்தில் இருந்தாள். கடனாக வேண்டுமென்றால் கடனாக வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கு அதுதான் மனசுக்கு ஒப்பும் என்றால். அவர் இங்கே வருவதாக இருந்தால் ரயிலில் வரச் சொல். ராத்திரியில் பைக்கை எடுத்துக்கொண்டு தொப்பூர் கணவாயில் ஏற வேண்டாம். போன தடவையே சொன்னேன், கேட்கவில்லை. லாரிகள் வருகிற வேகத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இல்லாவிட்டால் நானே வருகிறேன். தருமபுரியில் காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திருப்பூர். ராகி மாவும் கொஞ்சம் மாம்பழமும் கொண்டுவருகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்று இருந்துவிட்டு வருவேன், நீயாகப் பேசினால் பேசுவேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், மாட்டை யார் பார்ப்பது என்றுதான் யோசனை. சின்னவளுக்கு இருமல் விட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

வரட்டுமா என்பதற்கு மட்டும் பதில் போடு. வசனம் வேண்டாம் கண்ணு, உன் சொந்த வார்த்தையில் போடு.

அன்புள்ள
அப்பா