கடைசிச் சொல்லைக் காற்று தின்கிறது

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வானிலை எச்சரிக்கைக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எத்தனை வாட்ஸ் என்று பார்க்குமுன் என்ன வாக்கியம் என்று பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல" வரை கேட்டு, "வேண்டாம்" காற்றோடு போனால் என்ன ஆகும்? ஆகவே முதல் சொல்லே முடிவைச் சொல்லட்டும்: "தடை. கடலுக்குத் தடை. தென்கடல். நாளை இரவு வரை." எண்ணிலும் இதே வம்பு. ஐம்பது, அறுபது, எழுபது எல்லாம் தூரத்தில் வெறும் "பது". "ஆறு, சைபர்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

30 வாட்ஸ் குழாய் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 120 டெசிபல் தரும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும்; 200 மீட்டரில் 74தான். பக்கத்தில் டீசல் இன்ஜின் ஓடினால் அதுவும் அமுங்கிவிடும். வாட்ஸை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான், காசுக்குத்தான் கேடு. சிறு குழாய்களை நெருக்கிக் கட்டுவதே மேல். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் குரல் 0.3 நொடி பிந்தி வந்து சொல்மேல் சொல் விழும். பிந்தியதற்கு ஏற்ப அடுத்த குழாய்க்குத் தாமதம் வைக்க வேண்டும். முடியாவிட்டால் சொற்றொடருக்குச் சொற்றொடர் நிறுத்திப் பேச வேண்டும்.

எதிர்காற்றில் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சானில் ஒருமுறை, வடக்கிலிருந்து அடிக்கும் வாடையில் ஒருமுறை சோதியுங்கள். இருபது சொல் வாசியுங்கள். இன்ஜின் ஓடும் படகடியில் ஐந்து பேர் எழுதட்டும். சரியாக எழுதியது பதினாறுக்குக் கீழே வந்தால் கம்பத்தை மாற்றுங்கள்.

விசைப்படகுக்காரருக்குக் கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் இடத்திலேயே சொல்லிவிடலாம். விடியுமுன் கிளம்பும் நாட்டுப்படகுக்கும் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் முந்தின சாயங்காலமே எட்டியிருக்க வேண்டும். பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி இருக்கிறது; குழாயில் வரும் அதே வாக்கியம் வார்த்தை மாறாமல் அங்கேயும் ஒலிக்கட்டும்.

உப்புக்காற்றில் முதலில் போவது குழாயின் பின்னால் ஒலி எழுப்பும் யூனிட்டும் கம்பி முடிச்சும். குழாய் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் தேங்காது. முடிச்சை ஈயம் வைத்துப் பற்றவைத்து கிரீஸ் தடவி மூடுங்கள். கெட்ட குழாய் தானாகச் சொல்லாது. தினம் மாலை ஆறு மணிக்குப் பத்து நொடி ஒலி, எதிர்த்த டீக்கடையில் ஒரு நோட்டு, கேட்டால் ஒரு டிக். இரண்டு நாள் டிக் விழாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கைபேசி எண்ணை அந்த நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.