புஜக்கட்டை நழுவாமல் நிற்க

கோவென்ட்ரி
19 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் ஆயாவும் தம்பியும் நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? பொங்கலுக்கு மறுநாள் எனக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து ஃபோல்ஸ்ஹில் ரோட்டில் வாங்கிவைத்த கேழ்வரகு மாவில் களி கிண்டினேன். உடன் தங்கியிருக்கும் கோட்டயத்துத் தோழியும் சாப்பிட்டாள். கீரைக் கடைசல் இல்லாததுதான் குறை.

போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிரா" என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். தம்பியைப் படிக்கச் சொல்லாமல் நீங்களே கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

உங்கள் கிரீடமும் புஜக்கட்டையும் வைத்திருக்கும் கூத்துப் பெட்டியை யாரோ பெங்களூர்க்காரர் விலைக்குக் கேட்டிருக்கிறார், நீங்களும் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நாலு மாதமாக நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் குழந்தைகள் வார்டுக்கு நாலு பேர் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம். முகம் தெரியாது, கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் கண்ணாடி. ஸ்டார் வார்ஸ் என்று 1977-ல் வந்த படம், அதில் பேரரசனுடைய படைவீரர்கள் போடுகிற கவசம் அது. நம் ஆட்டத்தில் துரியோதனன் பக்கத்துச் சேனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவன் பக்கம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு இவர்கள் மேல்தான் ஆசை. நம்மூரிலும் துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்து நின்று, கிரீடத்து உச்சி மட்டும் தெரியும்போதே தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்காருமே, அந்த மாதிரி.

அன்று ஒரு ஆறு வயதுப் பையன் கையில் ஊசி ஏற்ற விடவே இல்லை. முக்கால் மணி நேரம் கெஞ்சிவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் கட்டில் ஓரம் மண்டி போட்டு, ஒன்றும் பேசாமல் தன் கையை என் முன்னால் நீட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய ரப்பர் கையுறையின் மேல் பஞ்சால் துடைத்து, ஊசி இல்லாத வெறும் குழாயை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். அவர் தோள் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பிறகு தலையை மெல்ல ஆட்டினார், அவ்வளவுதான் என்பதுபோல. பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தானாகவே கையை நீட்டினான்.

எனக்கு அந்தத் தோள் அசைவுதான் நெஞ்சில் நின்றது. கூத்தில் மரக்கட்டை அணிகளைக் கட்டி ஆடப் பழகுகிற பையன்களுக்கு, கிரீடம் வைத்தால் கழுத்தை ஆட்ட முடியாது, தோளைப் பேசவிடு என்று சொல்லிக்கொடுப்பீர்களே. அது அப்படியே நினைவுக்கு வந்தது. போகும்போது லிஃப்ட் பக்கம் நிறுத்தி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை, உட்கார்ந்து செய்தேன் என்றார்.

இவர்கள் கூட்டத்துக்கு 501-வது லீஜன் என்று பெயர். 1997-ல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் தொடங்கியது. அவர் ஒரு கார் விபத்தில் காலை இழந்தவர். பிற்பாடு அவருடைய சின்ன மகளுக்கு மூளையில் கட்டி வந்தது. தனக்குத் துணையாகக் கட்டிலருகில் ஒரு ரோபோ வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஆசைப்பட்டதற்காக, ரோஸ் நிறத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். 2005-ல் பிள்ளை போய்விட்டது. அவள் நினைவாகப் பிற்பாடு செய்து முடித்த ரோஸ் ரோபோ மற்றப் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் போகிறது. வேஷம் கட்டி வருவதற்கு இவர்கள் கூலி வாங்குவதில்லை. கொடுக்க நினைப்பவர்கள் ஏதாவது தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம். இதையெல்லாம் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இரண்டு மாத ஓவர்டைம் பணம் அதற்குப் போயிற்று. வீட்டுக்கு அனுப்புவதில் கை வைக்கவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். செப்டம்பரில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. திறந்தால் கவசம் இல்லை, வெள்ளை வெள்ளையாக மேடும் பள்ளமுமான தகடுகள். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் ஓடு செய்கிறார்களே அதே ஜாதி. கனம் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். தகட்டைச் சூடாக்கி, அப்பளம் மாதிரி தொய்ந்ததும் அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் அச்சோடு ஒட்டி உருவம் பிடித்துக்கொள்ளும். அதோடு அச்சுக்காரர் வேலை முடிந்தது. ஓரத்தை வெட்டுவது, பாதியையும் பாதியையும் சேர்ப்பது, உடம்புக்குத் தக்கபடி குறைப்பது எல்லாம் கட்டுகிறவர் பாடு. மார்பு, முதுகு, வயிறு, இடுப்பு, தோள் இரண்டு, மேல்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால், இடது முட்டிக்கு மட்டும் தனியாக ஒரு தட்டு. பின் இடுப்பில் மாட்டுகிற உருளைக்குள் இருப்பது வெறும் பி.வி.சி. பைப்.

முதல் முதலில் இதைச் செய்ததும் இந்த நாட்டில்தான். 1976-ல் லண்டன் ஓரம் ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பவருடைய பட்டறையில் அச்செடுத்தார்கள். பல வருஷம் கழித்து அவர் அதே அச்சில் செய்து விற்றபோது படக் கம்பெனி வழக்குப் போட்டது. 2011-ல் இங்கத்து உச்ச நீதிமன்றம், இந்த ஹெல்மெட் சிற்பம் ஆகாது, படத்துக்குத் தேவையான ஒரு சாமான்தான் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் படித்தபோது உங்கள் கிரீடம்தான் கண் முன்னால் வந்தது. ஆட்டத்துக்காகச் செய்தது என்பதால் அது சிற்பம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெட்டுவதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். கத்தியால் அறுத்துத் துண்டாக்கக் கூடாது. பென்சில் கோட்டின் மேல் லேசாக நாலைந்து முறை கீறிவிட்டு, முன்னும் பின்னும் மடக்கினால் "டக்"கென்று கோட்டோடு முறியும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒரு நொடி, தகடு கீறின இடத்தில் பால் மாதிரி வெளுக்கும். அதைப் பார்த்ததும் நிறுத்தி, கோடு நேராகத்தான் போகிறதா என்று கவனித்து, பிறகுதான் முறிக்க வேண்டும். வளைவுகளுக்கு மட்டும் வளைந்த மூக்கு உள்ள குட்டைக் கத்திரி. முறித்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் விரலில் வெள்ளைப் பொடி. கட்டில், தலையணை, தலைமுடி எங்கும் அதுதான்.

இரண்டு பாதியை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுவதில்லை. விளிம்பும் விளிம்பும் முட்டும்படி வைத்து, மேலே ஒரு பட்டை, உள்ளே ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். கைக்கு 15 மில்லிமீட்டர் பட்டை, காலுக்கு முன்பக்கம் 20. முதலில் நான் அவசரப்பட்டு உடனே பிடிக்கிற பசையைப் போட்டுவிட்டேன். வலது முன்கை ஒரு நூல் அளவு கோணிக்கொண்டது, பிரிக்கவும் முடியவில்லை. அன்று அழுதேன். பிறகுதான் ஈ-6000 என்ற பசைக்கு மாறினேன். அது நன்றாகப் பிடிக்க ஒரு நாளிலிருந்து மூன்று நாள் ஆகும், ஆனால் தப்பாக ஒட்டினால் மெதுவாக உரித்து எடுத்துவிடலாம். பசை காயும்வரை உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம் வைத்துக் கவ்வவிட வேண்டும். குளிரில் இந்தப் பசை இன்னும் மெதுவாகத்தான் இறுகும். நெடி அடிப்பதால் ஜன்னலையும் மூட முடியாது. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு இருட்டிவிடும், ஜன்னலைத் திறந்தால் பனிக்காற்று. ஒட்டும்போது கம்பளி போர்த்திக்கொண்டு ஜன்னலோரம், ஒட்டி முடித்ததும் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பாய்லர் இருக்கும் அலமாரிக்குள். நீங்கள் புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, ஜிகினாவை ஒட்டிவிட்டு, "இன்னிக்குத் தொடாதே" என்று என் கையைத் தட்டிவிடுவீர்கள். கல்யாண முருங்கைக் கட்டையை வெயிலில் போட விடாமல் மாசக்கணக்கில் நிழலிலேயே போட்டுவைத்ததும் ஞாபகம் வந்தது. அந்தப் பொறுமை எனக்கு இந்த அலமாரி முன்னால்தான் வந்தது.

பெரிய கஷ்டம் என் உயரம். அச்சு கிட்டத்தட்ட ஆறடி ஆளுக்கானது, நான் 5 அடி 2 அங்குலம். தொடைக் கவசத்தைப் போட்டு நின்றால் கீழ் விளிம்பு முட்டியைத் தாண்டி இடித்தது. இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், வயிறு எல்லாவற்றையும் குறைத்தேன். டேப்பை நம்பாமல் உங்களைப்போல நூல் பிடித்து அளந்தேன், உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை. அப்படியும் இடது கெண்டைக்காலை அரை அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். வெட்டிப் போட்ட துணுக்குகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் கரைந்து கூழ் மாதிரி ஆகிவிடும். அதே பிளாஸ்டிக்தான், காய்ந்தால் கல். ஓரத்தில் ஒரு பட்டை வைத்து அந்தக் கூழைத் தடவி, தேய்த்து, மறுபடி தடவி, ஒன்பது நாளில் கால் மீண்டது. இப்போது எந்த இடம் என்று நீங்கள் விரலால் தடவிப் பார்த்தால்தான் கண்டுபிடிப்பீர்கள். வேறு யாருக்கும் தெரியாது.

அப்பா, இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும். மாரியம்மன் கோயில் திடலில் ஆட்டத்துக்கு முன்னால், பெட்டி திறந்திருந்தது. நான் அர்ச்சுனன் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். பொம்பளைப் பிள்ளை கட்டையைத் தொடலாமா என்று கூத்து வாத்தியார் சத்தம் போட்டார். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. வந்து, காதில் படாமல் இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அவ்வளவு பேர் நடுவில் நீங்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அன்றிலிருந்து அந்த ஆசை எனக்குள் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கவசம் முழுவதையும் முதல்முறை போட்டேன். தனியாகப் போட முடியாது, தோழிதான் முதுகுப் பக்கத்து டிச் பட்டன்களைப் போட்டுவிட்டாள். கடைசியாக ஹெல்மெட். உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும். கீழே பார்த்தால் சொந்தக் கால் தெரியாது, யாராவது கைபிடித்து நடத்த வேண்டும். அரிதாரம் பூசி முடித்ததும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்களே, அது ஏன் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

பெட்டியை விற்காதீர்கள் அப்பா. பணத்துக்காக என்றால் நான் அனுப்புகிறேன், எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். ஆட ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்றால், சித்திரையில் ஐந்து வாரம் லீவில் வருகிறேன். எனக்குக் கட்டிவிடுங்கள். மேடையில் வேண்டாம், நம் வீட்டு வாசலில் போதும். ஜிகினா உரிந்த இடங்களை நாம் இருவரும் உட்கார்ந்து ஒட்டுவோம். இங்கிருந்து வரும்போது காந்தங்களைக் கொண்டுவருகிறேன்.

இப்போது ஒரு அவசர உதவி வேண்டும். இந்த வெள்ளைத் தோள்கட்டை நிற்கமாட்டேன் என்கிறது. எலாஸ்டிக் போட்டு மார்புப் பட்டையோடு இழுத்துக் கட்டியிருக்கிறேன், கையைத் தூக்கி இறக்கினால் முன்பக்கமாகச் சரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் போட்டோ எடுத்து அந்த லீஜன்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துண்டும் படத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேறினால்தான் என்னையும் சேர்த்துக்கொண்டு, டி.கே. என்று ஆரம்பிக்கிற உறுப்பினர் நம்பர் கொடுப்பார்கள். உங்கள் புஜக்கட்டை ராத்திரி முழுக்கக் கிறுகி ஆடினாலும் இம்மி நகராது. அக்குள் வழியாக ஒரு நாடா போய் முதுகில் மற்ற நாடாவோடு குறுக்கே சேரும், அதுவரை ஞாபகம் இருக்கிறது. முடிச்சு எந்தப் பக்கம் விழும், எத்தனை சுற்று என்பது மறந்துவிட்டது. தம்பியை நிற்கவைத்துக் கட்டிக் காட்டுங்கள், அம்மா போனில் படம் பிடிக்கட்டும். வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகக் கட்டுங்கள்.

உங்கள் மகள்