காசு குடுத்து ஆல்பத்தையே உருவாக்குன ரசிகர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க இசைப் பக்கத்துல ராக் பேண்ட்னாலே பெரிய கம்பெனி பேண்டுங்க மட்டும்தான் வருது, மரில்லியன் பத்தியும் ஒரு தடவை எழுதுங்க சார். 1979ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச புரோக்ரெசிவ் ராக் பேண்ட் இது, அதாவது நீளமா, பல பகுதியா விரியுற ராக் இசை, 1985ல அவங்க ஆல்பம் அங்க நம்பர் ஒன், அப்புறம் பாடகர் ஃபிஷ் 1988ல விலகிட்டாரு, ஸ்டீவ் ஹோகார்த் வந்தாரு, குரலே வேற, ஆனா பேண்ட் நின்னுச்சு. 1995ல அவங்க ஆல்பங்களை வெளியிட்ட ஈ.எம்.ஐ. ரெக்கார்டு கம்பெனியோட ஒப்பந்தமும் முடிஞ்சுபோச்சு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1997ல அமெரிக்கா டூருக்குப் பணம் இல்லன்னு தெரிஞ்சதும் ரசிகர்களே இன்டர்நெட்ல 60,000 டாலர் சேர்த்துக் குடுத்தாங்க, 2001 ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் தொடங்குறதுக்கு முன்னாடியே 12,000 பேருக்கு மேல காசு கட்டிட்டாங்க, இன்னிக்கு கிரவுட்ஃபண்டிங்னு சொல்றோமே, அந்தப் பேரு பரவுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் நடந்துச்சு!

இசையும் அப்படித்தான், அவசரமே கிடையாது. கீபோர்டு மெல்ல ஒரு மூட்டத்தைப் போடும், ஹோகார்த் கிட்டத்தட்ட பேசுற மாதிரி ஆரம்பிப்பாரு, பல நிமிஷம் கழிச்சுதான் ஸ்டீவ் ராதெரி கிட்டார் வரும், வேகமா வாசிச்சு வித்தை காட்டமாட்டாரு, ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பிடிச்சு நிப்பாரு பாருங்க, நெஞ்சு அடைச்சுக்கும். பத்துப் பதினஞ்சு நிமிஷப் பாட்டு போரடிக்கும்னு சொல்றவங்க ஒரு தடவை ஹெட்போன் போட்டு முழுசா கேக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்