ரியர் பார்ட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நல்ல காரணம்தான். அக்கா பையன் ராணுவத்தில் அக்னிவீர் பயிற்சியை முடித்துவிட்டான். அணிவகுப்பைப் பார்க்கக் குடும்பத்தோடு வெலிங்டன் போய் வந்தோம்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததிலிருந்தே அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் ஒரு காலத்தில் அதே மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தவர்தானே. மைதானத்தில் பையன்கள் ஒரே குரலில் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று முழங்கியபோது திரும்பிப் பார்த்தேன். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. வயது எழுபத்தாறு. கையில் தடி. முதுகு மட்டும் நிமிர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி எடிசனில் நாம் இருந்த ஒற்றைப் படுக்கையறை வீடு, 2014 ஜனவரியின் அந்தக் கொடுங்குளிர், ஜன்னல் இடுக்கில் நீ துண்டைச் சுருட்டி அடைத்தது, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரசம் சாதத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தது. 'என்லிஸ்டட்' என்ற அந்த ராணுவ நகைச்சுவைத் தொடர் ஞாபகம் இருக்கிறதா உனக்கு?

ஃபாக்ஸ் சேனலில் ஜனவரி 10ஆம் தேதி ஆரம்பித்தது. மொத்தம் 13 எபிசோடுதான். அதையும் எடுத்த வரிசையில் போடாமல் முன்பின்னாகப் போட்டார்கள். நடுவில் நிறுத்தினார்கள், மே மாதம் ரத்து என்று அறிவித்தார்கள், மிச்சமிருந்ததை ஜூன் மாத ஞாயிறுகளில் காட்டி முடித்தார்கள். கடைசி எபிசோட் ஜூன் 22. வெள்ளி ராத்திரி ஊரே வெளியே கிளம்புகிற நேரம். அதில் ஒரு புது நகைச்சுவைத் தொடரைக் கொண்டுபோய் வைத்தால் அது எப்படிப் பிழைக்கும்? எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

முதல் வாரமே நீ கேட்டாய், "ரியர் டிட்டாச்மென்ட்னா என்னடா?" என்று. "எங்க அப்பா பாஷைல ரியர் பார்ட்டி" என்றேன். பட்டாலியன் களத்துக்குப் போகும்போது முகாமில் விட்டுப்போகும் சின்னக் கூட்டம். களத்தில் இருப்பவர்களின் வீடு, வாசல், பிள்ளைகள் எல்லாவற்றையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பீட் ஹில் ஆப்கானிஸ்தானில் பேரெடுத்த சிப்பாய். மேலதிகாரியை அடித்துவிட்டதால் ஃப்ளோரிடாவில் 'ஃபோர்ட் மெக்கீ' என்ற கற்பனை முகாமின் ரியர் பார்ட்டிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவனுடைய இரண்டு தம்பிகள். எதற்கெடுத்தாலும் குத்தலாகப் பேசும் டெரிக், குழந்தை மனசுக்காரன் ராண்டி. ஜெஃப் ஸ்டல்ட்ஸ், கிறிஸ் லோவல், பார்க்கர் யங் மூன்று பேரையும் பார்த்தால் ஒரே வீட்டில் ஒரே தட்டுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் மாதிரியே இருக்கும். தொடரை உருவாக்கிய கெவின் பீகல் தன் சொந்தச் சகோதரர்களை மனதில் வைத்துத்தான் எழுதினாராம். அதனால்தான் அந்தச் சண்டையும் சமாதானமும் அவ்வளவு உண்மையாக இருந்தன. மதராஸ் ரெஜிமென்ட் சிப்பாய்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது தெரிந்தவனுக்கு அண்ணன் தம்பிக் கதை இரண்டு மடங்கு இனிக்கும்.

நீ ராண்டிக்காகப் பார்த்தாய். நான் பார்த்தது மாஸ்டர் சார்ஜெண்டுகளுக்கெல்லாம் மேலே நிற்கும் கமாண்ட் சார்ஜெண்ட் மேஜர் கோடி என்ற பாத்திரத்துக்காக. கீத் டேவிட்டின் அந்தக் குரல்! அவர் "ஹில்" என்று கூப்பிட்டால் சோபாவில் சாய்ந்திருந்த நானே நிமிர்ந்து உட்காருவேன். இந்தப் பையன்களின் இறந்துபோன அப்பாவோடு படையில் இருந்தவர் அவர். அதைச் சொல்லிக் காட்டாமலே மூன்று பேரையும் ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டிருப்பார்.

பீட்டுக்குள் போர் முடியாமல் ஓடிக்கொண்டிருப்பதையும், அதை அவன் தம்பிகளிடம் மறைக்கப் பார்ப்பதையும் தொடரில் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்யவில்லை. சிப்பாயைக் கோமாளி ஆக்கவும் இல்லை. கடைசி எபிசோடின் தலைப்பு 'அலைவ் டே'. சாவிலிருந்து மயிரிழையில் தப்பிய நாளை அமெரிக்கச் சிப்பாய்கள் அப்படிச் சொல்லி வருஷா வருஷம் நினைவுகூர்வார்கள். அதைப் பார்த்துவிட்டு நாம் இருவரும் தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போனோம்.

உன்னிடம் அன்றைக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் ஞாபகத்துக்கு வருவார். நீல இன்லண்ட் லெட்டரில் அப்பாவின் நம்பர், ரேங்க், பெயர், அதற்குக் கீழே 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.', அதாவது ராணுவத் தபால் நிலையம். இவ்வளவுதான் முகவரி. ஊர் பெயர் கிடையாது. பனியில் இருக்கிறாரா, பாலைவனத்தில் இருக்கிறாரா என்று தெரியாமல் அம்மா அதை எச்சில் தொட்டு ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தால் என்னைக் கூப்பிட்டு, "நீயும் ரெண்டு எழுத்து எழுது" என்பார். நான் என் பெயரை மட்டும் எழுதுவேன்.

எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு. லீவில் வரும் யாராக இருந்தாலும் சொந்த வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த மறுநாள் மற்ற மூன்று வீட்டுக்கும் போவார். "அண்ணன் நல்லா இருக்காரு அண்ணி, நான்தான் பார்த்தேன்" என்பார். பார்த்திருப்பாரோ என்னவோ, அம்மா அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார். மழைக்கு முன்னால் எங்கள் கூரையில் ஓடு மாற்றியது அப்பா இல்லை, அப்படி லீவில் வந்த ஒரு மாமா. அவரும் ரியர் பார்ட்டிதான். யாரும் மெடல் தராத வேலை அது. அதை மையமாக வைத்து ஒருவர் கதை எழுதினார் பார், அதற்காகத்தான் அந்த 13 எபிசோடும் எனக்கு அவ்வளவு முக்கியம்.

இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. பையன் பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போய்விட்டான். எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறான். அக்கா கையில் போனை வைத்துக்கொண்டே சமைக்கிறாள். இரண்டு நாள் அழைப்பு வரவில்லை என்றால் குழம்பில் உப்பு மறக்கிறாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போகிறேன். மோட்டார் ரிப்பேர், கேஸ் புக்கிங், ரேஷன், எல்லாம் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறேன். நான்கு வருஷத்துக்கு அப்புறம் நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்ற கவலை வேறு அவளுக்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு என் போனில் 'என்லிஸ்டட்' டிரெய்லரைப் போட்டுக் காட்டினேன். ஞாபகம் இருக்கும் உனக்கு, அந்த டிரெய்லரில் சீருடையெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கிறது என்று நிஜச் சிப்பாய்கள் கோபப்பட்டார்கள். தயாரிப்பாளர்கள் சால்ஜாப்பு சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார்கள், முதல் எபிசோடில் தப்பு கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று ஒரு போட்டியே வைத்தார்கள். நடிகர்களை டெக்சாஸில் ஃபோர்ட் பிளிஸ் முகாமுக்கு அனுப்பிப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த அக்கறை எனக்கு அன்றைக்கே பிடித்திருந்தது. நம் சினிமாவில் ராணுவ வேஷம் வந்தால் அப்பா முதலில் தொப்பியைத்தான் பார்ப்பார், பிறகு கிருதாவை. இதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இந்தப் பசங்க முடி வெட்டணும்" என்றார். கோடியைப் பார்த்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "இவர் யாரு? சுபேதார் மேஜரா? இவர் நடக்குறது சரியா இருக்கு" என்றார். அப்புறம் அமெரிக்கர்கள் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து சல்யூட் அடிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் ராணுவத்தில் உள்ளங்கை எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே அடித்துக் காட்டினார். கை நடுங்கவில்லை.

நீ அப்போது காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த எபிசோடுகள் இன்னும் உன் கணக்கில் இருக்கின்றனவா? டிசம்பரில் மதுரை வரும்போது எங்கள் ஊருக்கும் நாலு நாள் ஒதுக்கிக்கொள். லேப்டாப்பைக் கொண்டு வா. அப்பாவுக்கு முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறேன். அக்காவையும் கூப்பிடுகிறேன், ராண்டி அவளைச் சிரிக்க வைப்பான்.

உன் பெண் நீச்சல் கற்றுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுத்தாயா? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அடித்தது. அவன்தான். பத்து நிமிஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன சாப்பிட்டாய் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் எடிசன் அறைத்தோழன்