இரண்டு நாள் ரேக்கில் கிடக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களுக்கு பி-பில்லர் (முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் எஃகுத் தூண்) அடித்துக் கொடுக்கும் ஒரு வெண்டரிடம் தரப் பிரிவில் இருக்கிறேன். நேற்று அடித்தது இன்று உங்கள் வெல்டிங் லைனில் நிற்க வேண்டும் என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன ஐப்பசியில் ஓரம் வெட்டும் லேசர் மெஷின் படுத்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு லாட்டின் ஓரத்தைப் பிரஸ்ஸின் இரும்பு அச்சான டையிலேயே வெட்டினோம். அளவு பார்க்கும் கேஜில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஹார்ட்னெஸ் சரி, கண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. மழையில் லாரி வராமல் சரக்கு இரண்டு நாள் ரேக்கிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு பீஸைத் தூக்கிய பையன், "சார், இங்க முடி ஒட்டியிருக்கு" என்றான். முடி இல்லை. விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம் (பெனட்ரன்ட்) போட்டுத் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் டெவலப்பர் அடித்ததும், வெட்டு ஓரத்திலிருந்து உள்ளே ஒரு விரற்கடைக்குச் சிவப்புக் கோடு ஓடியது. லாட் முழுக்கத் தேடினோம், நான்கு பீஸ். லாரி நேரத்துக்கு வந்திருந்தால் நான்கும் என் கையெழுத்தோடு உங்களிடம் வந்திருக்கும்.

ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட் என்று பாடப்புத்தகம் சொல்கிற நோய் இது. உடனே காட்டிக்கொடுக்காது. ஹைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து, இழுவிசை அதிகமுள்ள இடத்தில் சேர்ந்த பிறகுதான் எஃகு பிளக்கும். டையில் வெட்டிய ஓரம் அப்படி ஒரு இடம். 1875-லேயே இங்கிலாந்தில் வில்லியம் ஜான்சன், அமிலத்தில் முக்கிய கம்பியை ஒடித்து, ஒடிந்த வாயை நனைத்து, அதிலிருந்து குமிழி பொங்குவதைப் பார்த்து எழுதி வைத்தார். சாதாரணத் தகடு இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நாங்கள் அடிப்பது 1500 மெகாபாஸ்கல் வலுவுள்ள போரான் எஃகு. அதற்கு, எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஹைட்ரஜனே போதும்.

அந்த ஹைட்ரஜன் வருவது, அடிக்கும் முன் தகட்டைச் சூடாக்கும் உலைக்குள் இருக்கும் ஈரத்திலிருந்து. 900 டிகிரிக்கு மேல் தகடு வேகும்போது, மேலே பூசிய அலுமினியம்-சிலிக்கான் பூச்சு நீராவியின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, மிஞ்சிய ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்குகிறது. ஆறிய பிறகு அதே பூச்சு மூடி போல உட்கார்ந்து அதை வெளியே விடுவதில்லை. அதனால்தான் உலர்ந்த காற்றை ஊதி, உலைக்குள் டியூ பாயிண்ட்டை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, குறைந்தால் காற்று உலர்ந்தது என்று அர்த்தம்) பூஜ்ஜியத்துக்குக் கீழே வைக்கிறோம். சென்னைக் காற்றின் டியூ பாயிண்ட் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் 20 டிகிரிக்கு மேலேதான். அந்தக் காற்றை உலர்த்தும் ட்ரையர் குடிக்கிற கரண்டுக்கு, விலையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் காஸ்ட் டவுன் எக்ஸெல் ஷீட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

"பெயின்ட் ஷாப் அடுப்பில் போய்விடுமே" என்று உங்கள் பொறியாளர் ஒருவர் ஆடிட்டில் கேட்டார். பாதி சரி. 170, 180 டிகிரியில் இருபது நிமிடம் இருந்தால் கணிசமாக வெளியேறும். ஆனால் அந்த அடுப்புக்கு முன்னால் ஜிக் எனும் பிடிப்புச் சட்டத்தில் இறுக்கி ஸ்பாட் வெல்டிங் அடிக்கிறீர்கள், அந்த இழுப்பு பில்லரில் தங்கிவிடுகிறது. பிறகு மின்சாரம் பாய்ச்சிப் பூசும் பெயின்ட் தொட்டியில் கார் பாடியே எதிர்மின்முனை, அங்கே அதன் மேலேயே புதிதாக ஹைட்ரஜன் பிறக்கிறது. இடையில் பிளந்ததை எந்த அடுப்பும் ஒட்டவைக்காது.

ரேக்கில் வைத்தால் ஹைட்ரஜன் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. பிளக்கிற பீஸ் பெரும்பாலும் எங்கள் கண் முன்னாலேயே பிளக்கும், அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் காரை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் வந்ததிலிருந்து எல்லாரும் நட்சத்திரம் பேசுகிறார்கள். 1500 மெகாபாஸ்கலுக்கு மேல் போகலாமா என்று விசாரிக்கிறார்கள். போகலாம். வலு ஏற ஏற இந்த நோய்க்கு வாய்ப்பும் ஏறும் என்பதை அந்த விசாரணைக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது, அனுப்புவதற்கு முன் ரேக்கில் 48 மணி நேரம். எல்லாச் சரக்குக்கும் முடியாதென்றால், டையில் வெட்டிய, துளை குத்திய லாட்டுகளுக்காவது. டியூ பாயிண்ட் பதிவையும் ஒவ்வொரு லாட்டோடும் கேளுங்கள். இப்போது ஆடிட்டர் வருகிற அன்று மட்டும்தான் பார்க்கிறீர்கள், அவரும் வந்தது காற்றில் ஈரம் குறைந்த தை மாதத்தில்.

அடுத்த ஐப்பசிக்குள் தரச் சோதனைகளைப் பட்டியலிடும் கண்ட்ரோல் பிளானில் அந்த 48 மணியைச் சேர்த்து அனுப்பினால் ரேக் செலவு எங்களுடையது என்று எங்கள் முதலாளி ஒத்துக்கொண்டிருக்கிறார். ட்ரையர் கரண்டைப் பாதிப் பாதியாகப் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் வெண்டர் ஒருவரின் தரப் பிரிவிலிருந்து