வெதர்பீ சார், அந்தப் பையனுக்கு டி.சி. கொடுத்துவிடாதீர்கள்

ரிவர்டேல் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் திரு. வெதர்பீ அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ‘ஆர்ச்சி’ காமிக்ஸின் நாயகன், உங்கள் மாணவன், ஆர்ச்சி ஆண்ட்ரூஸ் என்ற செம்பட்டைத் தலைப் பையனைப் பற்றித்தான் இந்த மடல். அவனைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிடலாமா என்று உங்களுக்கு அடிக்கடி தோன்றுவது தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

உங்களைக் கீழே தள்ள வேண்டும் என்று அவன் நினைத்தா தள்ளுகிறான்? உதவி செய்யத்தான் வருகிறான். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடைவழியில் போவான்; அந்த நேரம் பார்த்து, அவன் மயங்கிக் கிடக்கும் வெரோனிகா எதிரே வருவாள். பையன் திரும்புவான், கூடவே ஏணியும் திரும்பும். அடுத்த படக் கட்டத்தில் உங்கள் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். திட்டம் போட்டுக் குறும்பு செய்கிறவன் அவனுடன் படிக்கும் ரெஜி. ஆர்ச்சியின் நண்பன் ஜக்ஹெட்டுக்குப் பர்கர் சாப்பிடவே நேரம் போதவில்லை. (பாப் டேட் கடையில் அவன் வைத்திருக்கும் பாக்கி தனிக் கதை.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. விழுகிறவர் நீங்கள் என்பதால்தான் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தத் தொந்தியும் விறைப்பும் இல்லாத ஒருவர் தலையில் வாளித் தண்ணீர் கொட்டினால் என்ன இருக்கிறது? ஹாரி லூசி வரைந்த பக்கங்களில் வசனத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் கோபத்தில் குதிக்கிற குதியிலேயே கதை புரிந்துவிடும்.

1941 டிசம்பர் தேதியிட்ட ‘பெப் காமிக்ஸ்’ 22ஆம் இதழில் இவனை முதலில் வரைந்த பாப் மான்டானா, மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஹேவர்ஹில் உயர்நிலைப்பள்ளியில் படித்தவர். அங்கே பார்த்த முகங்கள்தான் பிறகு ரிவர்டேலுக்கு வந்தன என்பார்கள். உங்களைப் போல ஒருவர் அங்கேயும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும்.

சரி, பள்ளியைவிட்டு வெளியே போனால் இவன் என்ன ஆகிறான்? அதையும் பார்த்தாயிற்று. 2009இல் தொடங்கிய ஒரு கதையில் முதலில் வெரோனிகாவைக் கட்டினான், அப்புறம் இன்னொரு தோழி பெட்டி கூப்பரைக் கட்டினான். அதுகூடப் பரவாயில்லை. 2014இல், நண்பன் கெவின் கெல்லர் மேல் பாய இருந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு இறந்தே போனான். 2017இல் தொலைக்காட்சிக்குப் போனான். அங்கே ஊர் முழுக்கக் கொலையும் ரகசியமும். உங்கள் பள்ளியில் இருந்தவரை அவனுக்கு நேர்ந்த பெரிய ஆபத்தே கிரண்டி டீச்சரின் வீட்டுப்பாடம்தான். வாடகை நூலகங்களில் ஓரம் மடங்கிய காமிக்ஸ் டைஜஸ்டுகளை எடுத்துப் படித்த எங்களுக்கு அந்த அளவு ஆபத்தே போதும்.

தண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி முடிந்ததும் தாராளமாக உட்கார வையுங்கள். எப்படியும் வெரோனிகாவுக்கும் பெட்டிக்கும் ஒரே மாலையில் வருவதாக வாக்குக் கொடுத்திருப்பான்; நீங்கள் பிடித்து வைத்தால் பிழைத்துக்கொள்வான். நடைவழியில் வாளியை வைக்க வேண்டாம் என்று மட்டும் பள்ளித் துப்புரவாளர் ஸ்வென்சனிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய டைஜஸ்ட் வாசகன்