கருவாடு என்று மாற்று

மண்டபம்

மாப்ள,

இத்தனை நாள் கடிதம் போடாததற்குத் திட்டத்தான் போகிறாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவர் இன்னும் அந்தச் சைக்கிளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

டியூஷன் பிள்ளைகளுக்குப் பச்சை நெத்திலி மீன் விலையை வைத்து நீ போட்ட பொருளாதாரக் கேள்வித்தாள் வந்தது. தேவை, அதாவது வாங்குகிறவர்கள் கேட்கும் அளவு, 1200 − 4வி; அளிப்பு, அதாவது விற்கிறவர்கள் கொண்டுவரும் அளவு, −300 + 6வி. வி என்பது கிலோவுக்கு எத்தனை ரூபாய், விடை கிலோவில். இரண்டையும் சமப்படுத்தினால் 1500 = 10வி. சமநிலை விலை 150, அளவு 600 கிலோ. கணக்கில் குறையில்லை. பிள்ளைகள் சறுக்கப்போவது அந்த −300இல்தான். இந்தப் பக்கம் கொண்டுவரும்போது கூட்டாமல் கழித்து, 900ஐப் பத்தால் வகுத்து 90 என்று எழுதும். கிடைத்த விலையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கச் சொல். 90க்குத் தேவை 840, அளிப்பு 240. அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். கழித்தல் 300 கிலோ மீன் எங்கே இருக்கிறது என்று ஒருவனாவது கேட்பான், கெட்டிக்காரன் அவன். 50 ரூபாய்க்குக் கீழே எவரும் சரக்கை எடுத்து வரமாட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த விலைக்குக் கீழே அளிப்பு பூஜ்யம், சமன்பாடு அங்கே செல்லாது.

என் சண்டை வேறு. 'பச்சை நெத்திலி' என்று போட்டிருக்கிறாயே, நீ கீழக்கரைக்காரன்தானா? மீன் கரைக்கு வந்தபிறகு விலை சரியில்லை என்று திருப்பிக் கடலில் விடவா முடியும்? ஐஸ் எத்தனை நாள் தாங்கும்? ஏலம் கூறும் நேரத்தில் அளிப்பு வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடுடா, விலை எதுவானாலும் அளவு மாறாது, அதில் '6வி' என்ற பேச்சே கிடையாது. 600 கிலோ வந்தால் விலை 150. 900 வந்தால் 75. 300 மட்டும் வந்தால் 225. எல்லாம் உன் தேவைச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. வரத்து இரட்டித்தால் விலை பாதியாகும் என்று எவனாவது எழுதினால் கோழிமுட்டை போடு. 300 கிலோ 600 ஆனபோது 225 இறங்கியது 150க்குத்தான். பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890லேயே மீன் வியாபாரத்தைக் காட்டித்தான் ஒருநாள் விலையையும் நீண்டகால விலையையும் பிரித்துச் சொன்னார். கடலோரத்தில் இருந்துகொண்டு நாம் அதைக் கோட்டை விடலாமா?

அதனால் 'கருவாடு' என்று மாற்று. விலை ஏறினால் குடோனிலிருந்து வெளியே வரும், இறங்கினால் உள்ளே கிடக்கும். +6வி அதற்குப் பொருந்தும். எண்கள் அப்படியே இருக்கட்டும், கணக்குக்காக வைத்த எண்கள்தானே.

மீன்பிடித் தடைக்காலத்துக்கும் ஒரு கேள்வி சேர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு வரத்து மட்டும்தான். காயப்போட மீன் குறைந்து, ஒவ்வொரு விலையிலும் கருவாடு 200 கிலோ குறைவதாக வை. அளிப்பு −500 + 6வி. விலை 170, அளவு 520. இருநூறு குறைந்தும் விற்பனை 80 மட்டும் ஏன் குறைந்தது என்று கேள். விலை 20 ரூபாய் ஏறியதில் 120 கிலோ கூடுதலாக வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். பச்சை மீன் கிடைக்காத நாளில் கருவாட்டுக்குத் தேவையும் ஏறும், அது நிஜம். ஆனால் இரண்டு கோட்டையும் ஒரே கேள்வியில் நகர்த்தாதே, பிள்ளைகள் தவித்துப்போகும். அது அடுத்த தாளுக்கு.

திருத்தியதை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. வரும்போது தொதல் வாங்கி வா, போன தடவை மாதிரி பாதி வழியிலேயே தீர்த்துவிடாதே.

உன் மச்சான்